ஆறடிக் கட்டிலும் மூன்றடிப் பிள்ளைகளும்

துர்கா சொல்லிக் கேட்டதுதான் இது. நான் கூட இருந்து பார்க்கவில்லை. விருத்தாசலத்தில் ஒரு மகளிர் குழுவுக்கு அவள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, 2004-இல் நடந்ததாம்.

"கட்டிலு எதுக்கு?" என்று கேட்டாள் குழுத் தலைவி விருத்தாம்பாள்.

அன்னமேரியின் வீட்டில் உட்கார்ந்து, அவள் கொடுத்திருந்த பில்லை துர்கா மறுபடி பார்த்தாள். பீங்கான் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகல் முழுக்கத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது அன்னமேரியின் தொழில். அதற்காகக் குழு மூலம் வங்கிக் கடன் வாங்கியிருந்தாள். தொழிலுக்கு வாங்கிய சாமானுக்கு மட்டும்தான் பில் வைக்கலாம். தொட்டில் இரண்டு, பிளாஸ்டிக் குதிரை ஒன்று, பாய் ஆறு. கடைசி வரியில் இரும்புக் கட்டில் ஒன்று, ஆறடி, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

"புள்ளைங்க படுக்கத்தான்க்கா," என்றாள் அன்னமேரி.

"இதுல ஆறடிப் புள்ள எது? எம்பேரன் கோகுலு உட்பட எல்லாம் இடுப்பு உசரங்கூட இல்ல."

"வளருமில்ல."

"வளந்து தாடி வெக்கிற வரைக்கும் உங்கிட்டயே வுட்டு வெப்பாங்களா?"

பில்லைச் சரிபார்த்து வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவள் துர்கா. வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள். இதுதான் முதல் வேலை. கட்டில் தொழிலுக்கானது இல்லை என்று எழுதினால், அன்னமேரி ஒரே வாரத்தில் ஆயிரத்து எண்ணூறைத் திருப்பிக் கட்ட வேண்டும். அவளிடம் பணம் ஏது? கட்டில்தான் கடைக்குத் திரும்பிப் போகும். தொழிலுக்கானது என்று எழுதினாலோ, முதல் வேலையிலேயே பொய்.

அதனால் டேப்பை எடுத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து அளந்தாள். இருந்ததிலேயே உயரமான பிள்ளை மூன்றடி இரண்டு அங்குலம். 'மிச்சம் இரண்டடி பத்து அங்குலம்' என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"குறுக்கால போட்டா நாலு புள்ளைங்க படுக்கும்," என்றாள் அன்னமேரி.

"போட்டுக் காட்டு," என்றாள் விருத்தாம்பாள்.

போட்டாள். முதல் பிள்ளை உருண்டு, தலையணையோடு கீழே வந்து சேர்ந்தது. இரண்டாவது எழுந்து குதித்தது. மூன்றாவது அதைப் பார்த்துக் கைதட்டியது. நாலாவது கோகுல். அவன் மட்டும் சொன்னபடி அமைதியாகப் படுத்திருந்தான். படுத்தபடியே கட்டிலை நனைத்தான்.

"இதையும் எழுதணுங்களா?" என்று கேட்டாள் துர்கா.

"அது காஞ்சிடும். வுடு," என்று எழுந்துகொண்டாள் விருத்தாம்பாள். தெருவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மனசு ஒப்பல. நாளைக்கு நாலரை மணிக்கு நீ மட்டும் போயிப் பாரு, சொல்லாம கொள்ளாம. பாத்துட்டு எழுது. பேங்க்ல கேட்டா நான்தான பதில் சொல்லணும்?"

மறுநாள் நாலரைக்கு துர்கா போனாள். பிள்ளைகள் பாயில் உருண்டுகொண்டிருந்தார்கள். கட்டிலில் ஒரு பெண், தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை நீட்டிப் படுத்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற மை.

பிரபா. விருத்தாம்பாளின் மருமகள், கோகுலின் அம்மா.

"மெதுவாப் பேசு," என்றாள் அன்னமேரி. "நாலு மணிக்கு ஷிப்டு வுட்டுருது. மாமியார்கிட்ட அஞ்சரைன்னு சொல்லி வெச்சிருக்குது. வூட்டுக்குப் போனா ராத்திரி வரைக்கும் வேலை சரியா இருக்கும். அதான், ஒரு மணி நேரம் இங்க."

"இது எப்படிக்கா புள்ளைங்க சாமானாகும்?"

"தூங்கிட்டுப் போற அன்னிக்கு அது கோகுல அடிக்கிறதில்ல. தூங்காத அன்னிக்கு அவனுக்கு ரெண்டு சாத்து நிச்சயம். புள்ளைய நல்லா வெச்சிக்கறதுதான என் தொழிலு? எந்தக் கணக்குல சேரும், நீயே சொல்லு. படிச்ச பொண்ணு."

மூன்று வருஷ பி.காம். பாடத்தில் துர்கா மனசுக்குள் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"அது மாமியாருக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது, கண்ணு," என்றாள் அன்னமேரி.

நாலு தாளைக் கிழித்த பிறகு ஐந்தாவது தாளில் ஒரே வாக்கியம் நின்றது. அடுத்த நாள் காலை அதை எடுத்துக்கொண்டு விருத்தாம்பாள் வீட்டுக்குப் போனாள்.

"படி."

"கட்டில் பயன்பாட்டில் உள்ளதை நேரில் கண்டேன், குழந்தைப் பராமரிப்புக்கு அது தேவையே."

"யாரு படுத்திருந்தா?"

துர்கா தாளை மடித்தாள். பொய் சொல்லத் தெரியாது. மெய் சொன்னால் பிரபாவின் தூக்கம் போச்சு. "வந்து... அதுங்க..."

"பேங்க் தாள்ல அந்தக் கேள்வி இருக்குதா?"

"இல்லைங்க."

"அப்பறம் எதுக்கு இழுக்கற?"

விருத்தாம்பாள் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "குழுவுல மத்தவளுங்க வாயத் தொறக்கறதுக்கு முன்ன நானே கேட்டு, அளந்து, முடிச்சிட்டேன். இனிமே அந்தக் கட்டிலப் பத்தி எவளும் பேச முடியாது."

துர்கா வாசல் வரை போய்விட்டாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, அன்னமேரிய ஒரு மெத்தையும் வாங்கிப் போடச் சொல்லு. பில்லுல வேணாம், காசு நான் தரேன். வெறுங்கட்டில்ல படுத்துப் படுத்து பிரபாவுக்கு முதுவு வலி."

துர்கா திரும்பிப் பார்த்தபடி நின்றாள்.

"எனக்குத் தெரியும்னு அதுகிட்ட சொல்லிடாத. அப்பறம் தூக்கம் வராது அதுக்கு. எழுந்து வூட்டுக்கு வந்துடும்."

பிற்பாடு அந்தப் பக்கம் போனபோது நான் ஒன்றை மட்டும் சரிபார்த்தேன். பிரபா வேலை செய்த கம்பெனியின் கேட்டில் 'வேலை நேரம் காலை 8 முதல் மாலை 4 வரை' என்று ஓரடி உயர எழுத்தில் எழுதியிருக்கிறது. விருத்தாம்பாள் தினமும் சாயங்காலம் பால் ஊற்றும் டீக்கடை அதற்கு நேர் எதிரே.