உம்மா சொல்லுவா

“இந்தப் புள்ளைட கதை டெலிபோன்ல ஆருக்கு விளங்கும்? இந்த வேலைக்கு உங்கட ஆக்கள் சரிவராது.”

பிரதம லிகிதர் நல்லரெத்தினம் எல்லாரும் கேட்கத்தான் சொன்னார்.

1981. கல்முனையில் அந்த அரசாங்கக் கந்தோருக்கு வேலைக்கு வந்த முதல் முஸ்லிம் பெண் றுகையா. டெலிபோன் வேலையில் அமர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“எங்கட உம்மா சொல்லுவா சேர். கத்துறது அலை, நிக்கிறது கரையாம்.” சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

அவர் விடவில்லை. “மூணு மாசத்தில கலியாணம் முடிச்சிப் போயிருவாய். உனக்கு எதுக்கு வேலை பழக்கிற?”

“பொத்தின கையில ஒண்டும் விழாதாம் சேர். அதுவும் உம்மா சொன்னதுதான்.”

நாளடைவில் பியோன் அழகரெத்தினம் காலையில் வந்ததுமே, “இண்டைக்கு உம்மா என்னகா சொன்னா?” என்று கேட்கத் தொடங்கினார். நல்லரெத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. றுகையா வேலைக்குத் தகுதியில்லை என்று அறிக்கை எழுதி மேசையில் வைத்திருந்தார். அதைக் கண்ட அன்று அவள் பின்பக்கக் கிணற்றடியில் நின்று அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள்.

அன்று பகல் மட்டக்களப்பிலிருந்து ஓர் அழைப்பு. ஒரே இரைச்சல். மூன்று தரம் அறுந்தது. மூன்று தரமும் அவள் எக்ஸ்சேஞ்ச்காரரிடம் மன்றாடி இணைப்பை மீட்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதினாள். பிள்ளைப்பேற்றில் நல்லரெத்தினத்தின் மகளுக்கு இரத்தம் போகிறது. தகப்பனின் இரத்தம் பொருந்தும், உடனே வரவேண்டும்.

அடுத்த பஸ்ஸில் அவர் போனார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

நாலாம் நாள் திரும்பி வந்தவர், அவள் கண்முன்னே அறிக்கையைக் கிழித்தார்.

“நான் கதைச்சதெல்லாம் பிழை, புள்ள. உன்னை இப்படி வளர்த்த மனிசிக்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கோணும்.”

பின்னேரம் சாய்ந்தமருதில் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். சபியா உம்மா முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலுக்கு வந்தாள். நல்லரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டு பேசத் தொடங்கினார்.

“நிமிந்து கதையுங்க சேர்,” என்றாள் றுகையா மெதுவாக. “உம்மா உங்கட உதட்டப் பாத்தாத்தான் விளங்கும். அவவுக்குப் பிறவியிலேயே காதும் கேளாது, வாயும் பேசாது.”

சபியா உம்மாவின் விரல்கள் விறுவிறென்று அசைந்தன.

“முதல்ல தேத்தண்ணி குடிக்கட்டாம்,” என்று சிரித்தாள் மகள்.