கழுத்தில் ஒரு நரம்பு

மலைக்கோட்டைக் கடைவீதி ஸ்டூடியோவில் போட்டோக்களுக்கு டச்சிங் செய்யும் தர்மராஜ், போன வாரம் எடுத்த வரதனின் படத்தை அவனிடம் நீட்டினார்.

“பாருங்க தம்பி, பரு, தழும்பு ஒண்ணு விடாம எடுத்துட்டேன். பொண்ணு வீட்டுல இதைப் பார்த்தே தட்டு மாத்திடுவாங்க!”

ஸ்ரீரங்கத்து வரதன் சிரிக்கவில்லை.

“இடது கழுத்துல ஒரு நரம்பு வரையணும். தாடைக்குக் கீழே ஆரம்பிச்சு, நடுவுல ரெண்டாப் பிரிஞ்சு, தோள்கிட்ட மறுபடி சேரணும். தடிப்பாத் தெரியணும்.”

தர்மராஜ் எட்டி அவன் கழுத்தைப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது.

“இல்லாத நரம்பையா? ஊரே நரம்பை அழிக்கச் சொல்லுது, நீங்க வரையச் சொல்றீங்க! பொண்ணு பயந்துடப் போகுது.”

“பொண்ணுக்கு இல்லை, அம்மாவுக்கு. தயவுபண்ணி வரைஞ்சுடுங்கோ.”

தர்மராஜ் முணுமுணுத்துக்கொண்டே பென்சிலைச் சீவினார். வரதன் பக்கத்திலேயே நின்று, “இன்னும் கொஞ்சம் மேலே பிரியணும்” என்று திருத்தினான்.

“போதுமா? இப்ப உங்களை மாதிரியே இல்லை தம்பி. வேற யாரோ.”

“வேற ஆள்தான். எங்கண்ணா சடகோபன். நாங்க ரெட்டை. அம்மாகூட இந்த நரம்பைப் பார்த்துத்தான் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவா. ஆடிப்பெருக்குக்கு முக்கொம்புல குளிக்க இறங்கினவன் திரும்ப வரலை. அவனை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை.”

தர்மராஜ் படத்தை மெல்ல உறையில் போட்டார்.

“உங்களுக்கு இன்னொரு பிரிண்ட் போடட்டுமா, நரம்பு இல்லாம?”

“வேண்டாம்” என்றான் வரதன். “என் கழுத்துல நரம்பு இல்லேன்னு தெரிஞ்சதும் அம்மா முகத்தைத் திருப்பிண்டுடறா.”