எழுநூற்றுப் பத்தில் மழைச் செய்தி

மதியம் மூன்று மணியானால் தையல்காரருக்குக் கை ஓடாது. காது மட்டும் மாடிக்கு ஓடிவிடும்.

கடைக்கு மேலேதான் வீடு. அந்நேரம் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு வெளியூர்க்காரர்களோடு வானலையில் பேசும் ஹாம் ரேடியோ முன் உட்காருவாள். முறைப்படி லைசென்ஸ் வாங்கியவள். எதிர்முனையில் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கரகரக் குரல்.

பேச்சு கீழே வராது. அவள் சிரிப்பு மட்டும் படியிறங்கி வந்து இவர் வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி என்ன பேச்சு என்று கேட்டே விட்டார். ஏழு புள்ளி ஒன்று மெகாஹெர்ட்ஸ், ஊரே கேட்கலாம், நீங்களும் கேளுங்களேன் என்றாள். எந்தப் பொறாமைக்காரனுக்குக் கிடைக்கும் இப்படி ஓர் அழைப்பு?

கடை ரேடியோவில் இருந்ததோ கிலோஹெர்ட்ஸ். மீட்டரைச் சென்டிமீட்டராக்கியே தலை நரைத்தவர், யோசிக்காமல் நூறால் பெருக்கி, முள்ளை எழுநூற்றுப் பத்தில் வைத்தார்.

மழைச் செய்தி வாசித்தார்கள்.

மறுநாளும் மழை. அடுத்த நாளும். பொய் எண்ணைக் கொடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். முன்பெல்லாம் மிஷினிலிருந்து நிமிராத மனிதர், சாக்குச் சொல்லிச் சொல்லி மாடியேறினார். அவளுக்கு டீகூடப் போட்டுக் கொடுத்தார். ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்தார்.

அந்தச் சட்டைக்காரரின் மனைவி பள்ளியில் பௌதிக டீச்சர். சண்டைக்கு வந்தவள், கதை கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"அண்ணே, உங்க ஊசி ஒரு செகண்டுக்குப் பத்து தடவை குத்தினா அது பத்து ஹெர்ட்ஸ். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒரு கிலோ, ஆயிரம் கிலோ ஒரு மெகா. நூறெல்லாம் துணியோட சரி."

டீச்சர் தலை மறைந்து மணி மூன்றானதும் சிற்றலைக்கு மாற்றி, ஏழாயிரத்து நூறுக்கு முள்ளை நகர்த்தினார். நெஞ்சு மிஷினைவிட வேகமாகக் குத்தியது.

கரகரக் குரல், உங்கள் வீட்டுக்காரர் இன்று எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் எழுநூத்திப் பத்துலதான் இருக்கார், முள்ளைப் பாத்தேன். நூறால பெருக்கிட்டு என்மேல சந்தேகம் வேற. நானும் சொல்லல. சொல்லிட்டா மறுபடி மிஷினுக்குள்ள போயிடுவார் மனுஷன்."

சிரிப்பு இம்முறை ரேடியோவிலும் வந்தது, படியிலும் வந்தது.

அவள் இறங்கி வருவதற்குள் முள்ளைப் பழைய இடத்துக்கே திருப்பிவைத்தார்.

இன்றைக்காவது கிடைத்ததா என்று கேட்டாள்.

"எங்க கிடைக்குது? இன்னிக்கும் மழைதான்" என்றவர், டீ போட எழுந்தார்.