புது உருளை

அடுப்படி மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ரிவால்வரைக் கழற்றிப் போட்டிருந்தான் என் தம்பி ராய்ஸ்.

என்னைப் பார்த்ததும் எதையோ துணிக்கு அடியில் தள்ளினான்.

இவன் எதையாவது ஒளித்தால் நான் விடமாட்டேன். போன தடவை ஒளித்ததற்கு நாலு வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன். துணியை வெடுக்கென்று இழுத்தேன்.

ரிவால்வரில் குண்டோடு சுழலுமே, அந்த மாதிரிப் புத்தம்புது எஃகு உருளை. ஆறு துளை. பக்கத்தில் அது வந்த அட்டைப்பெட்டி.

அது என்னவென்று, வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிற வயோமிங்கில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ராய்ஸுடையது அந்தக் காலத்து மாதிரி ரிவால்வர். ஒவ்வொரு துளையிலும் வெடிமருந்து கொட்டி, ஈயக்குண்டை அழுத்தி, பின்னால் தீப்பொறி தருகிற கேப் செருகினால்தான் சுடும். பழைய உருளையை எடுத்துவிட்டு இதைப் பொருத்தினால் அந்தப் பாடெல்லாம் இல்லை. கடையில் விற்கிற தோட்டாவைப் போட்டுச் சுடலாம்.

இவனுக்கு எதற்கு இது?

சனிக்கிழமைக் கூட்டத்துக்காக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தொப்பியும் பூட்ஸுமாகப் பழங்காலத்து ஆட்கள் வேஷம் கட்டிக்கொண்டு இரும்புத் தட்டுகளைச் சுடுகிற கூட்டம் அது. மற்றவர்கள் தோட்டா போட்டுப் படபடவென்று சுட்டு முடித்திருப்பார்கள். இவன் இன்னும் மருந்து கொட்டிக்கொண்டிருப்பான். நீ குண்டு போடுவதற்குள் மாடு கன்று போட்டுவிடும் என்று கேலி செய்வார்கள். இவனும் சேர்ந்து சிரிப்பான். சிறையிலிருந்து வந்தபிறகு அவன் வாய்விட்டுச் சிரிப்பது அங்கே மட்டும்தான்.

சரி, விளையாட்டுக்குத்தான் என்றால் துணிக்கடியில் ஏன் தள்ள வேண்டும்? பழைய சகவாசம் தேடி வந்துவிட்டதோ? எவன் பின்னாலாவது போகப் போகிறானோ?

"அறிவிருக்காடா உனக்கு?"

இது துப்பாக்கியே இல்லை, வெறும் உதிரிபாகம், வாங்கும்போது ஒரு கையெழுத்துகூடக் கேட்பதில்லை என்று முணுமுணுத்தான்.

எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் இப்படித்தான் நம்பிக்கொண்டு திரிகிறார்கள். பெட்டிக்குள் இருக்கிறவரைக்கும் அது உதிரிபாகம்தான். மருந்து கொட்டிச் சுடுகிற பழைய ரிவால்வரையும் சட்டம் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் சிறைக்குப் போய்வந்தவன் கையில் அதை விட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் இந்த உருளையைப் பொருத்திய நிமிஷம் அது நிஜத் துப்பாக்கி. பொருத்தியவன் மறுபடியும் உள்ளே போக வேண்டியதுதான். அப்படியே அவனிடம் சொன்னேன்.

சட்டென்று மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். சத்தியமாகத் தெரியாது என்றான்.

இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் நீதிபதியிடமும் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. எங்கே வாங்கினாய், எவன் கொடுத்தான் என்று குடைந்தேன். உருளையைக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனபோதுதான் என் கையைப் பிடித்தான்.

"மாமா குடுத்தாருக்கா. ஆசையா குடுத்தாரு. உங்கக்காவுக்குப் புடிக்காது, சொல்லாதன்னாரு."

மாமா என்றால் என் வீட்டுக்காரர் வெண்டல்.

அப்பாடா என்றிருந்தது. தம்பி தப்புத்தண்டாவுக்குப் போகவில்லை. ஒரு காபியை ஊற்றிக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தேன்.

உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. அப்பா எங்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்த மேய்ச்சல் நிலத்தை விற்கவேண்டும் என்று வெண்டல் தலைகீழாக நிற்கிறார். நான் இங்கே இருக்கிறவரைக்கும் முடியவே முடியாது என்கிறான் ராய்ஸ். இருவரும் முகம் கொடுத்துப் பேசியே ஒரு வருஷம் ஆகிறது. அந்த மனிதர் தானாகவே பரிசு கொடுத்து சமாதானத்துக்கு வந்திருக்கிறாரே!

அப்புறம்தான் ஒன்று உறைத்தது; காபியைக் கீழே வைத்தேன்.

ராய்ஸுக்கு இவ்வளவு நேரம் சட்டம் ஒப்பித்தேனே, எனக்கு அதைச் சொன்னதே வெண்டல்தான். அவருக்குத் துப்பாக்கிக் கடையில் வேலை. இந்த உருளையை வாங்க வருகிற ஒவ்வொருவனிடமும் இதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்று சாப்பிடும்போதெல்லாம் அலுத்துக்கொள்வார்.

மறந்திருப்பார், ராய்ஸ் சிறைக்குப் போனவன் என்ற நினைப்பே இல்லாமல் கொடுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமாவைத் திட்டாதே, பாவம், அவருக்கு எங்கே தோன்றியிருக்கும் என்று ராய்ஸ் வேறு கெஞ்சினான்.

திட்ட வேண்டாம்தான். அய்யய்யோ, யோசிக்காமல் கொடுத்துவிட்டேனே என்று அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கடைக்குப் போன் போட்டேன். ராய்ஸ் கையில் தோட்டா போடுகிற புது உருளை ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.



"அவனுக்கு ஏது அது?" என்றார் வெண்டல்.

கொடுத்தவரே கேட்கிறார். அவர் விடவில்லை, அதைப் பொருத்திவிட்டானா என்று கேட்டார். எப்படி அந்தப் பொய் வந்ததோ தெரியாது; பொருத்திவிட்டான் என்றேன்.

"சரி, நீ எதையும் தொடாத. அப்படியே மேசை மேல இருக்கட்டும். ஷெரிஃபுக்கு நானே போன் பண்ணி வரச் சொல்றேன். நீ பயப்படாதம்மா."

இவ்வளவு கனிவாக அவர் என்னிடம் பேசி எத்தனையோ நாளாயிற்று.

எதிரே ராய்ஸ், மாமா மனசு நோகிற மாதிரி எதுவும் பேசிவிடாதே என்று எனக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.