சைபருன்னே போடுங்க

"ஆட்டையும் எண்ணுவீங்களா, மனுசங்க மட்டுந்தானா?" என்று கேட்டாள் சொர்ணவல்லி.

"மனுசங்க மட்டுந்தாங்க" என்று குடையைத் தூணோரம் சாத்திவிட்டு உட்கார்ந்தாள் சுடர்விழி டீச்சர். ஆவுடையார்கோவில் பக்கம் பள்ளிக்கூட வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்ததிலிருந்து வெயிலோடு வெயிலாக வீடு வீடாக ஏறி இறங்குகிறாள்.

"நாங்க சொல்றதை யாருக்குக் காட்டுவீங்க?"

"யாருக்கும் காட்டமாட்டோம். சட்டமே அப்படித்தான்."

வீட்டில் மூன்று பேர். சொர்ணவல்லி, மகன் சந்தோஷ்குமார், மருமகள் இலக்கியா. மகன் வேலைக்குப் போயிருந்தான். இலக்கியா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

பேர், வயசு, படிப்பு எல்லாம் செல்போனில் ஏறியது. அடுத்த கேள்வியை டீச்சர் இலக்கியாவிடம் கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்டாள்.

"பெத்தது எத்தனை பிள்ளைங்கம்மா?"

இலக்கியா மாமியாரைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. சைபருன்னே போடுங்க" என்றாள் சொர்ணவல்லி.

"டீச்சர்..." என்றாள் இலக்கியா. "ஆறு வருசத்துக்கு முந்தி ஒண்ணு பொறந்துச்சு. பொறக்கையிலயே உசுரு இல்ல. அதை எழுதலாமா?"

"பொறந்து ஒரு மூச்சு விட்டிருந்தாக்கூட எழுதிடலாம்மா. உசுரில்லாமப் பொறந்தா எழுத முடியாது" என்றாள் டீச்சர்.

"ஆம்பளப் பிள்ள டீச்சர். வயித்துக்குள்ள அந்த உதை உதைப்பான். அவன் வந்தான்னு எங்கயாச்சும் ஒரு எடத்துல எழுதியிருந்தா..."

"அதான் ரூலைச் சொல்லிட்டாங்கள்ல" என்று மாமியார் வெட்டினாள். "மூச்சும் விடல, ஒண்ணும் விடல. இல்லாததை எழுதுனா அவங்க வேலையே போயிரும். நீ போயி ஆட்டுக்குத் தண்ணி வையி."

இலக்கியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

இப்படியும் ஒரு பொம்பளையா என்று நினைத்தாள் டீச்சர். சைபர் போட்டாள். வைத்த தண்ணீரைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டாள்.

நாலு வீடு தாண்டியிருப்பாள். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். சொர்ணவல்லிதான். காலில் செருப்பில்லை, கையில் டீச்சரின் குடை.

"வச்சுட்டு வந்துட்டீங்க."

டீச்சர் முகம் கொடுக்காமல் குடையைப் பிடித்தாள். சொர்ணவல்லி விடவில்லை. வந்த வழியை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"யாருக்கும் காட்டமாட்டோம்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்த சைபரை அழிச்சிட்டு ஒண்ணுன்னு போடுங்க."

"உசுரில்லாமப் பொறந்ததை எழுத முடியாதுங்க. வீட்டுலயே சொன்னேனே."

"உசுரோடதாங்க பொறந்தான். அவ மயக்கத்துல கெடந்தா. மகன் அப்ப மலேசியாவுல இருந்தான். துணியில சுத்தி என் கையிலதான் குடுத்தாங்க. கால் மணி நேரம் அழுதான். அப்பறம் அடங்கிட்டான்."

டீச்சர் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். "இதை ஏங்க அந்தப் பிள்ளைகிட்ட சொல்லல?"

சொர்ணவல்லி குடையை விட்டாள்.

"பெத்தவ காதுல ஏறுனா அது நிக்கவே நிக்காதுங்க. அந்த அழுகை என் காதோட போகட்டும்."