நசுங்கிய ஷூ

"இன்னைக்கு ஒரு நாளாவது முன்னாடி வந்து உட்காருங்க சம்பந்தி!"

சர்ச் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் நழுவி, வழக்கம்போலக் கடைசி பெஞ்சின் ஓரத்துக்குப் போய்விடுவார்.

"எனக்கு அங்கேதான் வசதி. விடுங்க சம்பந்தி."

"என்ன பெரிய வசதி? அங்கே ஃபேன்கூடக் கிடையாது."

"சபைத் தலைவர், ஆனா கடைசி இடம். காய்ச்சல் அன்னைக்குக்கூட வந்து அங்கேயேதான் உட்கார்ந்தார். அவருக்குத் தாழ்மை ஜாஸ்தி" என்றார் பாஸ்டர், பெருமையாக.

இந்தத் தாழ்மையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கடைசி பெஞ்சு போதாதென்று காலில் ஒரு பழைய ஷூ வேறு. வலது ஷூவின் நுனி சப்பையாக நசுங்கியிருக்கும். புதுசு வாங்க முடியாதவரா அவர்?

"எல்லாம் வேஷம். சுத்தியலை வச்சுத் தட்டித்தான் நசுக்கியிருப்பார்" என்று வீட்டில் சொல்வேன்.

"அந்த நாற்காலியை இன்னும் எத்தனை வருஷம் மனசுல தூக்கிச் சுமப்பீங்க?" என்பாள் என் மனைவி.

சுமக்காமல்? பேத்தியின் முதல் பிறந்த நாளன்று, நான் என் கையால் செய்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இருபது பேர் நடுவில், "லேசா ஆடுதே" என்றார் சம்பந்தி. ஒரு தச்சனைப் பார்த்து! அன்றைக்கே நாற்காலியைத் தூக்கி மூலையில் போட்டேன். அதன் பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. நானும் ஒன்பது வருஷமாக அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

இன்றைக்குக் கையைப் பிடித்து இழுக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. சர்ச் கட்டி இருபத்தைந்து வருஷம். உள்ளே இருக்கும் பன்னிரண்டு பெஞ்சும் என் வேலை. பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டு நன்றி சொல்லப் போகிறார். அதைச் சம்பந்தி முதல் வரிசையில் உட்கார்ந்து, இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும்.

உட்கார வைத்துவிட்டேன். ஆனால் பாட்டு முழுக்க அவர் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"இல்லை... ஒண்ணுமில்லை."

வயிறு எரிகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக எரியட்டும்.

பாஸ்டர் ஆரம்பித்தார். "இருபத்தைந்து வருஷம்! இந்த பெஞ்சுகள்ல பிள்ளைங்க குதிச்சிருக்காங்க. என் பிரசங்கத்துல பெரியவங்க தூங்கி விழுந்திருக்காங்க. ஒரு பெஞ்சாவது ஆடியிருக்குமா?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தேன்.

"டொக்."

பின்னாலிருந்து வந்தது சத்தம்.

"டொக்... டொக்."

கடைசி பெஞ்சில் நாலு பேர், ஓடத்தில் போகிறவர்கள்போல ஆடிக்கொண்டிருந்தார்கள். "இன்னொரு தடவை!" என்று கத்தியது ஒரு குழந்தை. சர்ச்சே சிரித்தது. எனக்குக் காது மடல் கொதித்தது.

சம்பந்தி எழுந்தார். விறுவிறுவென்று பின்னால் போய், தன் பழைய ஓரத்தில் உட்கார்ந்து, வலது காலை உள்ளே நீட்டினார். சத்தம் நின்றுவிட்டது.

"நீங்க சொல்லுங்க பாஸ்டர்" என்றார், ஒன்றுமே நடக்காதவர்போல.

நான் முன்னால் போகவில்லை. பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். பெஞ்சின் ஒரு கால் குட்டை. அதன் அடியில், அளந்து வைத்தாற்போல, அந்த நசுங்கிய ஷூ நுனி.

அந்தக் கால் குட்டை என்று எனக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். அவசரத்தில் குறைத்து அறுத்துவிட்டு, அடியில் ஒரு மரச் சில்லை ஒட்டி, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தவன் நான்.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன் மெதுவாக.

"சில்லு விழுந்து எட்டு வருஷம் இருக்கும்."

"ஒரு அட்டையை மடிச்சு வைக்கக் கூடாதா?"

"வச்சேன். பெருக்குற அம்மா வாராவாரம் குப்பைன்னு எடுத்துடறாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது சம்பந்தி? ஒருத்தர் உட்கார்ற நாற்காலிக்கே ஒன்பது வருஷம் பேச்சு நின்னு போச்சு. இது ஆறு பேர் உட்கார்றது. இந்த ஆயுசு போதுமா?" அவர் சிரித்தார். "மேலே போய்ப் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். அங்கே இருக்கிற ஆண்டவரும் தச்சு வேலை பார்த்தவர்தானே. நம்ம ரெண்டு பேரையும் உட்கார வச்சுச் சரிபண்ணிடுவார்னு நினைச்சேன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கிவிட்டது. அதை மறைக்க, அங்கிருந்தே பாஸ்டரிடம் சத்தம் போட்டேன்:

"பதினோரு பெஞ்சுக்கு மட்டும் எனக்குக் கைதட்டச் சொல்லுங்க பாஸ்டர்! பன்னிரண்டாவது, சம்பந்தி காலாலதான் நிக்குது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ரம்பம் கொண்டுவருகிறேன் என்று வீட்டுக்கு ஓடினேன்.

ரம்பத்தை எடுக்கும்போது, மூலையில் கிடந்த அந்த நாற்காலி கண்ணில் பட்டது. தூசியைத் தட்டிவிட்டு, ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அதில் உட்கார்ந்து பார்த்தேன்.

லேசாக ஆடியது.