புது முகப்பு

கணினியைப் போட்டான். அது பேசவில்லை.

கொஞ்சம் பொறுத்தான். சில நாள் காலையில் அதுவும் சோம்பல் முறித்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். பிறகு அந்தத் தகரக் குரல் வணக்கம் சொல்லும். தமிழை மென்று துப்புகிற குரல்தான். ஆனாலும் பார்வை இல்லாத அவனுக்குத் திரையில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் படித்துச் சொல்கிற குரல்.

இன்று ஏதோ இசை வந்தது. தண்ணீர் சொட்டுகிற மாதிரி நாலு சுரம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

பாடத் தெரிகிறது. பேசத் தெரியவில்லை.

குரலை எழுப்புகிற மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினான். மறுபடி அழுத்தினான். ஹெட்போனைப் பிடுங்கிச் செருகினான். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான்.

மறுபடி அதே நாலு சுரம்.

உள்ளே பிளஸ் டூ வரலாற்றுக் கேள்வித்தாள் இருந்தது. அவன் எடுத்தது. நெடுவினா இரண்டு மட்டும்தான் பாக்கி. மதியத்துக்குள் அச்செடுத்து உறையில் ஒட்டித் தலைமையாசிரியர் மேசையில் வைக்க வேண்டும்.

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? செண்பகவல்லி டீச்சரே எடுத்துடட்டும்."

இதைத்தான் தலைமையாசிரியர் ஒவ்வொரு பரீட்சைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மிகுந்த அன்போடு சொல்வார். அந்த அன்போடு மல்லுக்கட்டித்தான் இந்த ஒரு கேள்வித்தாளை அவன் வாங்கியிருந்தான். வேறு யார் கண்ணும் படக்கூடாது என்பது விதி. கணினி அறையைவிட்டு வெளியே போகக்கூடாது என்பதால் பென் டிரைவில்கூட நகல் இல்லை.

கணினிக்கு லினக்ஸ் மென்பொருள் வேண்டும் என்று கேட்டு வாங்கியதும் அவன்தான். காசு கிடையாது, யாரையும் கெஞ்ச வேண்டாம், நம்மைக் கேட்காமல் எதையும் மாற்றாது என்று ஆசிரியர் அறையில் மேசையைத் தட்டிப் பேசியிருந்தான்.

கதவு திறந்தது. கூடவே ஜவ்வாது வாசனை. கணினி அறைப் பொறுப்பாளர் எபநேசர். அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

"எப்படி சார் இருக்கு? நேத்து சாயங்காலம் உக்காந்து எல்லா மெஷினையும் புதுப் பதிப்புக்கு ஏத்திட்டேன். ஒவ்வொண்ணையும் போட்டுப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கே போனேன். ஒரு பிரச்சினையும் இல்ல."

"இது பேசல."

"பேசலையா?"

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மவுஸ் அங்கும் இங்கும் உரசியது. இந்த மெனு எங்கே போச்சு என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். போனை எடுத்து எதையோ தேடினார். தேடத் தேட அவர் பேச்சு குறைந்தது.

"போட்டிருக்கான் சார். படிச்சுச் சொல்றது இந்தப் பதிப்புல வேலை செய்யாதாம். அடுத்ததுல பாக்குறோம்னு போட்டிருக்கான்."

அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தெரியாமல் நடந்துவிட்டது என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்திருக்கிறது. கூடி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பொத்தான்களின் முனையை வளைப்பதா, நிழலை மென்மையாக்குவதா, அந்த நாலு சுரத்தை எந்த வாத்தியத்தில் வாசிப்பது என்றெல்லாம் யோசித்திருக்கிறார்கள். இவனைப் போன்றவர்கள் அடுத்த பதிப்பு வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று முடிவு செய்து, அதை ஓர் ஓரத்தில் எழுதியும் வைத்துவிட்டார்கள்.

யாரைப் போய்க் கேட்பது? சட்டையைப் பிடிக்கலாம் என்றால் அங்கே சட்டையே இல்லை.

"பழசுக்கே போக முடியாதா?"

"போகலாம் சார். ஆனா உள்ள இருக்கிறத எல்லாம் அழிச்சுட்டுத்தான் போகணும்."

"உள்ள கேள்வித்தாள் இருக்கு."

எபநேசர் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"நான் தொறந்து படிக்கட்டுமா சார்? நீங்க சொல்லச் சொல்ல அடிச்சுடுறேன். வெளிய மூச்சு விடமாட்டேன்."

நல்ல மனிதர். உண்மையாகவே மூச்சு விடமாட்டார். ஆனால் நாளைக்கு யாராவது கேட்டால் பொய்யும் சொல்லமாட்டார். அத்தோடு தீர்ந்தது. அடுத்த பரீட்சைக்கு அந்த அன்பு திரும்ப வந்து தோளில் கை போடும்.

"வேண்டாம்" என்றான்.

எபநேசரால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஆனா ஒண்ணு சார். பாக்குறதுக்கு ரொம்ப அழகாப் பண்ணியிருக்கான். எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு."

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். எடுக்காவிட்டால் அதைத் தூக்கி அடித்திருப்பான்.

'டிங்' என்று ஒரு சத்தம்.

"நடுவுல ஒரு பெட்டி வந்து நிக்குது சார். புதுத் தோற்றம் பிடிச்சிருக்கான்னு கேக்குறான். அஞ்சு ஸ்டார் இருக்கு. இதப் போட்டாத்தான் மேல போக விடுவான்போல." மவுஸை இழுத்துக்கொண்டார். "எத்தன போடட்டும் சார்?"

கேலியில்லை. வெள்ளந்தியாகத்தான் கேட்டார்.

அவன் கையை நீட்டி மானிட்டரின் கீழ் ஓரத்தைத் தடவினான். வலது மூலையில் ஒரு பொத்தான். எந்தப் பதிப்பு வந்தும் அதை இன்னும் யாரும் இடம் மாற்றவில்லை.

அழுத்தினான்.

"ஐயோ, ஸ்கிரீன் போயிடுச்சு சார்."

"போகட்டும். இப்ப ஸ்டாரைப் போடுங்க."

எபநேசர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரமானது.

மவுஸ் கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. ஒரு கிளிக். ஒன்றும் ஆகவில்லை. வேறெங்கோ நகர்ந்தது. இன்னொரு கிளிக்.

அப்புறம் மவுஸ் அசையவே இல்லை.

எபநேசரின் கை மெல்ல மானிட்டரின் மூலைக்கு வந்தது.

அங்கே அவன் விரல் பொத்தானை மூடிக்கொண்டிருந்தது.